உயரமான கூரையுள்ள பட்டறைக்கு எல்இடி டியூப்லைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு அடிக்கு மேல் கூரை உயர்ந்த பட்டறை, ஷெட், வண்டி பழுதுபார்க்கும் கராஜ் ஆகியவற்றுக்கு விளக்கு வாங்குபவர்களுக்காக எழுதியது இது. வீட்டு அறைக்கு வாங்குவதுபோல ‘எத்தனை வாட்?’ என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் வெளிச்சம் போதாமல்தான் முடியும். கூரையிலிருந்து எவ்வளவு ஒளி புறப்படுகிறது என்பது பாதிக் கணக்குதான். கை வேலை செய்கிற இடத்தில் எவ்வளவு வந்து விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டில் பளிச்சென்று எரியும் அதே டியூப், பட்டறையில் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

தூரம்தான் முதல் காரணம். 4 அடி நீளம், 20 வாட், 2000 லூமன் உள்ள சாதாரண எல்இடி டியூப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நேர் கீழே 2 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 150 லக்ஸ் விழும். அதே டியூபை 4 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் 40 லக்ஸ்கூடத் தேறாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடுகிறது. (லூமன் என்பது விளக்கிலிருந்து வெளிவரும் மொத்த ஒளி. லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமன் விழுகிறது என்ற அளவு.)

இரண்டாவது காரணம் சுவர். வீட்டில் வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் தம்மீது படும் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பட்டறையில் துருவேறிய தகரமும் பூசாத செங்கல்லும் கறை படிந்த சிமெண்ட் தரையும் அதை விழுங்கிவிடும். பல விளக்குகளை வரிசையாக மாட்டும்போது ஒன்றின் ஒளி மற்றொன்றோடு சேர்வதால் இழப்பு இவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனாலும் உயரம் கூடக் கூட, மேசைக்கு வர வேண்டிய ஒளியில் ஒரு பங்கு பக்கவாட்டில் சுவருக்குப் போய்விடும். அதனால் செலவு குறைந்த முதல் வேலை, சுவருக்கும் கூரையின் உட்புறத்துக்கும் வெள்ளை அடிப்பது. விளக்கு வாங்கும் முன்பே அடித்துவிடுங்கள்.

எத்தனை லக்ஸ் இருந்தால் போதும்?

செய்யும் வேலையைப் பொறுத்தது. சாமான் அடுக்கி வைக்கும் மூலைக்கு 100 முதல் 150 போதும். வெல்டிங், பெரிய உருப்படிகளைப் பொருத்துவது போன்ற முரட்டு வேலைக்கு 300. இன்ஜின் வேலை, லேத் வேலை, தச்சு வேலைக்கு 500. அளவுகோலில் மயிரிழைக் கோடு பார்ப்பது, நுண்ணிய பொருத்துவேலை, சர்க்யூட் பலகை பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு 750 முதல் 1000 வரை வேண்டும்.

வயதும் கணக்கில் சேரும். ஐம்பதைத் தாண்டியவரின் கண், அதே வேலைக்கு இருபது வயதுக்காரரைவிடக் கூடுதல் வெளிச்சம் கேட்கும். பட்டறையில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவர் கண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

ஆனால் முழுப் பட்டறைக்கும் 1000 லக்ஸ் தேவையில்லை. பொது வெளிச்சத்தை 300 அல்லது 500-இல் நிறுத்திக்கொண்டு, மேசைக்கும் இயந்திரத்துக்கும் தனி விளக்கு வைப்பதுதான் சரியான வழி.

என் இடத்துக்கு எத்தனை விளக்கு என்று எப்படிக் கணக்கிடுவது?

சின்னக் கணக்குதான். தேவையான லக்ஸைத் தரைப் பரப்பால் பெருக்குங்கள். வந்த விடையை 0.48-ஆல் வகுங்கள். இந்த 0.48, இரண்டு எண்களின் பெருக்கல்: புறப்பட்ட ஒளியில் மேசை மட்டத்துக்கு வந்து சேரும் பங்கு 0.6, தூசும் வயதும் போக மிஞ்சுவது 0.8.

6 மீட்டருக்கு 8 மீட்டர் பட்டறை என்றால் பரப்பு 48 சதுர மீட்டர். 500 லக்ஸ் வேண்டும் என்றால் 24,000 லூமன். அதை 0.48-ஆல் வகுத்தால் 50,000 லூமன். 2000 லூமன் டியூபாக வாங்கினால் 25 வேண்டும். 5000 லூமன் தரும் 40 வாட் பேட்டனாக (டியூபும் ஃபிட்டிங்கும் ஒன்றாகவே வருவது) வாங்கினால் 10 போதும். 300 லக்ஸே போதும் என்றால் 30,000 லூமன், அதாவது அதே பேட்டனில் 6.

சுவர் கறுத்திருந்தாலோ, மரத்தூளும் கிரைண்டர் தூசும் பறக்கும் இடமாக இருந்தாலோ 0.48 என்பதை 0.35 ஆக்கிக்கொள்ளுங்கள். அப்போது விளக்குகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடும். வெள்ளை அடிப்பதற்கு ஏன் முதலிடம் கொடுத்தேன் என்பது இங்கே புரியும்.

டியூபா, பேட்டனா, ஹைபே விளக்கா?

4 மீட்டர் வரை: டியூபோ பேட்டனோ தாராளமாகப் போதும். புதிதாக மாட்டுவதாக இருந்தால் பேட்டனையே வாங்குங்கள். வெப்பம் வெளியேற அலுமினிய உடல் இருக்கும், ஒரே நீளத்தில் கூடுதல் லூமன் கிடைக்கும், முனைகளில் பின் தளர்ந்துபோகும் தொல்லையும் இல்லை.

4 முதல் 6 மீட்டர் வரை: 5 அடி நீள, 50 அல்லது 60 வாட் பேட்டன்களை நெருக்கமான வரிசையில் மாட்டலாம். அல்லது நீள வடிவ ஹைபே (உயரக் கூரைக்கென்றே செய்த விளக்கு) வாங்கலாம். தட்டையாக, அகலமாக, ஒன்றுக்கே 15,000 லூமனுக்கு மேல் தருபவை இவை.

6 மீட்டருக்கு மேல்: டியூபை விட்டுவிடுங்கள். 60 அல்லது 90 பாகைக் கோணத்தில் ஒளியைக் குவித்துக் கீழே அனுப்பும் ஹைபேதான் அந்த உயரத்துக்கு. 120 பாகைக்கும் மேல் விரிந்து எரியும் டியூப் அங்கே சுவரைத்தான் குளிப்பாட்டும்.

விளக்கைக் கூரையோடு ஒட்டி மாட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சங்கிலியில் தொங்கவிட்டு ஒரு மீட்டர் இறக்கினாலே மேசையில் வித்தியாசம் தெரியும். மேலே கிரேன் ஓடுகிறதா, லிப்டில் ஏறும் வண்டியின் கூரை எந்த உயரம் வரை வருகிறது, நீளமான பைப்பைத் தூக்கித் திருப்பும் இடம் எது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சங்கிலியோடு கூட ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டுவது நல்லது. அதிர்வுள்ள பட்டறையில் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும்.

எங்கே மாட்டுவது?

கணக்குச் சரியாக இருந்தும் வெளிச்சம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொதுவிதி ஒன்று உண்டு. மேசையிலிருந்து விளக்கு எவ்வளவு உயரமோ, வரிசைகளுக்கு இடையே ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான் இருக்கலாம், மிஞ்சிப்போனால் அதில் ஒன்றேகால் மடங்கு. சுவருக்கும் முதல் வரிசைக்கும் இடையே அதில் பாதி. மேலே சொன்ன 6-க்கு 8 பட்டறையில் விளக்கு 4 மீட்டரில் தொங்கினால், மேசையிலிருந்து 3 மீட்டருக்குச் சற்று மேல். இரண்டு வரிசை, இடையே 3 மீட்டர், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர், வரிசைக்கு ஐந்து பேட்டன். கச்சிதமாகப் பொருந்தும்.

அடுத்தது நிழல். சுவரோரம் வேலை மேசை இருந்து, விளக்கு நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால், அவர் தலையின் நிழல் சரியாக வைஸ்மீது விழும். அந்த மேசைக்கு மேல், மேசை விளிம்புக்கு நேராகவோ சுவர்ப் பக்கம் சற்றுத் தள்ளியோ ஒரு பேட்டன் தனியாக வரட்டும்.

கராஜில் பலர் செய்வது, வண்டி நிற்கும் இடத்தின் நட்டநடுவில் விளக்கு வரிசையை ஓட்டுவது. வண்டியின் கூரை நன்றாகப் பளபளக்கும், வேலை நடக்கும் பக்கங்கள் இருண்டிருக்கும். பானெட்டைத் திறந்ததும் அது குடைபோல நின்று மேலிருந்து வரும் ஒளியை மறைத்துவிடும். எனவே வரிசைகள் வண்டியின் இரு பக்கமும் ஓட வேண்டும். முன்பக்கச் சுவரை ஒட்டிக் குறுக்காக ஒரு வரிசை வேண்டும். லிப்ட் உள்ள இடத்தில் மேல் விளக்கு எதுவும் வண்டியின் அடிப்பாகத்தை எட்டாது. இடுப்பு உயரத்திலோ தோள் உயரத்திலோ சுவரிலும் லிப்ட் தூணிலும், உறை போட்ட பேட்டன்களைச் செங்குத்தாக மாட்டுங்கள். கையில் பிடிக்கும் விளக்கு அப்போதும் தேவைப்படும், ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டியதில்லை.

லேத், டிரில், ரம்பம் உள்ள இடத்தில் எல்இடி ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

மலிவான எல்இடி ஆபத்துதான். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் உள் சர்க்யூட்) சரியில்லாத விளக்கு விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேராகத் தெரியாது. ஆனால் சுழலும் பொருள்மீது பட்டால் விபரீதம். மூன்று தாடை உள்ள லேத் சக் (உருப்படியைப் பிடித்துச் சுற்றும் பகுதி) நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 33.3 சுற்று. மூன்று தாடைகளும் சேர்ந்து ஒரே இடத்தை விநாடிக்கு 100 தடவை கடக்கும். விளக்கின் துடிப்பும் 100. ஒவ்வொரு துடிப்பிலும் ஏதோ ஒரு தாடை அதே இடத்தில் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் சக் நின்றுவிட்டதுபோல் தோன்றும். வேகம் சற்றே மாறினால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும். இரைச்சலான பட்டறையில் காதை நம்பவும் முடியாது. கை தானாக நீளும்.

இதற்கு எஸ்விஎம் என்ற அளவு உண்டு. 1 என்றால் சராசரி மனிதருக்கு இந்த மாயத்தோற்றம் தெரிய ஆரம்பிக்கும் எல்லை. 0.4-க்குக் கீழே உள்ளதை வாங்குங்கள். விவரத்தாளில் அது இல்லை என்றால், கடையிலேயே விளக்கை எரியவிட்டு மொபைல் கேமராவை மிக அருகில் பிடியுங்கள். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. திரையில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தால் அந்த விளக்கு இயந்திரத்துக்கு மேல் வரக்கூடாது. பட்டை தெரியாததை மட்டும் வைத்து முழு நம்பிக்கை கொள்ள முடியாது, ஆனால் பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

மும்முனை மின்சாரம் இருந்தால் அடுத்தடுத்த வரிசைகளை வேறு வேறு பேஸில் இணைப்பது பழைய, நல்ல வழக்கம். ஒரு வரிசை மங்கும் நேரத்தில் அடுத்தது பிரகாசமாக இருக்கும். இது கூடுதல் பாதுகாப்புதான், நல்ல டிரைவருக்கு மாற்று இல்லை. சக் நின்றதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல், சுவிட்சை அணைத்து பிரேக் போட்ட பிறகே கை வைக்கும் பழக்கமும் கூடவே வேண்டும்.

6500 கெல்வின் தான் அதிக வெளிச்சமா?

இல்லை. கெல்வின் என்பது ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் எண், கூடக் கூட நீலம் கூடும். நீலம் கலந்த வெள்ளை கண்ணுக்குப் பளிச்சென்று படும், அவ்வளவுதான். ஒரே லூமன் உள்ள 4000 கெல்வின் விளக்கும் அதே வேலையைச் செய்யும். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் இடத்துக்கு 4000 அல்லது 5000-ஐத்தான் நான் சொல்வேன். எதை எடுத்தாலும் முழுப் பட்டறைக்கும் ஒரே நிறம் இருக்கட்டும்.

சிஆர்ஐ எவ்வளவு முக்கியம்?

சிஆர்ஐ என்பது விளக்கொளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்ற அளவு, உச்சம் 100. வெள்ளை எல்இடி என்பது உள்ளுக்குள் நீல எல்இடிதான். அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்இடிக்காகத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) இந்த முறையில் சிவப்புப் பங்கு குறைவாகவே வரும். அதனால் சிஆர்ஐ குறைந்த விளக்கில் சிவப்பு வயரும் பழுப்பு வயரும் குழம்பும், துருவும் எண்ணெய்க் கறையும் ஒன்றுபோலத் தெரியும். பொது வேலைக்கு 80 போதும். பெயிண்ட் நிறம் பொருத்துபவர்களுக்கு 90-க்கு மேல், ஆழ்ந்த சிவப்பைக் குறிக்கும் ஆர்9 மதிப்பும் 50-க்கு மேல் இருந்தால்தான் நல்லது.

பழைய டியூப்லைட் ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூபை மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் எந்த வகை டியூப் என்று தெரிந்துகொண்டு. சோக்கோடு ஓடும் வகையில், பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு டியூபோடு வரும் போலி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். எலக்ட்ரானிக் சோக் என்றால், அந்தச் சோக்கோடு டியூப் ஒத்துப்போகுமா என்று பட்டியல் பார்க்க வேண்டும். இன்னொரு வகையில் சோக்கை முழுவதும் நீக்கி மெயின் லைனை நேரடியாக டியூபுக்கே கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது சோக் இல்லாத இந்த வகை. பழுதாக ஒரு பாகம் குறைவு, சோக் தின்னும் மின்சாரமும் மிச்சம்.

நேரடி இணைப்பில் ஒரு முனையில் மட்டும் மின்சாரம் வரும் டியூப் உண்டு, இரு முனைகளிலும் வரும் டியூபும் உண்டு. உறையில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தே வயரிங் செய்ய வேண்டும். மாற்றிய ஃபிட்டிங்கில் ‘எல்இடி மட்டும்’ என்று அழியாத ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பிறகு வரும் எவராவது பழைய டியூபை அதில் செருகினால் ஆபத்து. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்கவும். பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பழைய டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். இந்தப் பாதரசத்துக்காகத்தான் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் நீள ஃப்ளோரசன்ட் டியூபுகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்த 2023-இல் ஒப்புக்கொண்டன. பழைய டியூபையே தேடித் தேடி மாற்றிக்கொண்டிருப்பது இனி நீண்ட நாள் நடக்காது.

கண் கூசுவதை எப்படித் தவிர்ப்பது?

பால் வெள்ளை உறை போட்டதை வாங்குங்கள். உள்ளே எல்இடி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வேண்டாம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்பவரின் கண் நேராக விளக்கைத்தான் பார்க்கும். அவர் படுக்கும் இடத்தில் நீங்களும் ஒரு தடவை படுத்துப் பாருங்கள்.

தகரக் கூரைக்கு அடியில் வெயில் காலத்தில் தாங்குமா?

தாங்கும்படி வாங்க வேண்டும். எல்இடியின் எதிரி வெப்பம். முதலில் சாவது பெரும்பாலும் எல்இடி சில்லு இல்லை, டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்தான். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரத்தை ஒட்டிய காற்று ஆள் நிற்கும் இடத்தைவிட மிகவும் சூடாக இருக்கும் என்பதால், சங்கிலியில் தொங்கவிடுவது இதற்கும் மருந்து. விவரத்தாளில் சுற்றுப்புற வெப்பம் 50 பாகை வரை என்று போட்டிருப்பதைத் தேடுங்கள்.

அட்டையில் 50,000 மணி நேரம் என்று இருந்தால், அவ்வளவு நேரம் கழித்து வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைந்திருக்கும் என்றே பொருள். உயரத்தில் இருக்கும் விளக்கை மாற்ற ஏணியும் சாரமும் ஆளும் வேண்டும், வேலையும் நிற்கும். அதனால் உத்தரவாதம் நீண்டதையும் டிரைவரைத் தனியாக மாற்ற முடிவதையும் வாங்குவது உயரக் கூரைக்கு நியாயமான செலவு.

தூசும் ஈரமும் உள்ள இடத்துக்கு?

ஐபி65. 6 என்றால் தூசு உள்ளே போகாது, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீர் தாங்கும். வண்டி கழுவும் இடம், மரத்தூள் பறக்கும் இடம் இரண்டுக்கும் இதுதான். பாலிகார்பனேட் உறை அடி தாங்கும், ஆனால் தின்னர், சில கரைப்பான்கள் பட்டால் விரிசல் விடும்.

பெயிண்ட் அடிக்கும் அறைக்கும் பெட்ரோல் கையாளும் இடத்துக்கும்?

சாதாரண விளக்கு கூடாது, ஐபி65 ஆனாலும் கூடாது. தூசு புகாது என்பது வேறு, வாயுவைப் பற்றவைக்காது என்பது வேறு. வெடிப்புத் தடுப்புச் சான்று பெற்ற விளக்குதான் வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரமும் பள்ளத்திலும் தேங்கும். ஆகவே வண்டிப் பள்ளத்துக்குள் வைக்கும் விளக்கில் கூடுதல் கவனம் தேவை. லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனோ மேலே ஏறிக் கூரையடியில் சேரும். அங்கே காற்றோட்டம் இருந்தே தீர வேண்டும்.

எல்லா விளக்கையும் ஒன்றாகப் போட்டால் எம்சிபி விழுகிறதே?

எம்சிபி என்பது மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக அணையும் சுவிட்ச். எல்இடி டிரைவர்கள் உயிர்பெறும் கணத்தில், கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஒன்றிரண்டு என்றால் தெரியாது. இருபது சேர்ந்தால் எம்சிபி விழும். இந்தத் தொடக்க இழுப்பைத் தாங்கும் சி வகை எம்சிபி போட்டு, விளக்குகளை இரண்டு மூன்று சுவிட்சுகளாகப் பிரியுங்கள். வெல்டிங் மெஷினும் விளக்கும் ஒரே லைனில் இருக்க வேண்டாம். விளக்கு மினுக்கும், டிரைவரும் சீக்கிரம் போகும்.

சென்சார் வைக்கலாமா?

சாமான் அறைக்கும் நடைபாதைக்கும் வையுங்கள். இயந்திரம் ஓடும் இடத்தில் வேண்டவே வேண்டாம். ரம்பத்தின் முன் ஒருவர் அசையாமல் நின்று பலகையைத் தள்ளும்போது விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதே காரணத்துக்காக, கரண்ட் போனாலும் எரியும் பேட்டரி விளக்கு ஒன்றாவது இயந்திரங்களுக்கு அருகில் இருக்கட்டும். கரண்ட் போனதும் இயந்திரம் உடனே நின்றுவிடாது, சற்று நேரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மாட்டி முடித்த பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இருட்டிய பிறகு பாருங்கள், பகலில் வெளிச்சம் கலந்து ஏமாற்றும். லக்ஸ் மீட்டர் இருந்தால் மேசை மட்டத்தில் வைத்து நடுவிலும் மூலைகளிலும் அளந்துகொள்ளுங்கள். மொபைல் செயலி துல்லியமாகக் காட்டாது, ஆனால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிட உதவும். மிகக் குறைந்த இடம் சராசரியில் பாதிக்கும் கீழே போனால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னும் வேலை செய்கிறபடி நின்று, உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வேலைமீது விழுந்தால் அந்த விளக்கின் சங்கிலியை ஓரடி முன்னுக்கு நகர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும். இதற்காகவே முதலில் மாட்டும்போது வயரைச் சற்று நீளமாக விட்டுவையுங்கள்.